ஏழாவது பத்திக்குப் பதில்

சம்மன் வந்தபோது மெத்தைக்காரர் வாயில் ஊசி இருந்தது. அது எப்போதும் இருப்பதுதான். பாதி தைத்த மெத்தையின் மேல் முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தவரிடம் கோர்ட்டு ஆள் ஒரு நீளமான கவரை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டுமானால் ஊசியை எடுக்க வேண்டும். மெத்தைக்காரர் ஊசியை எடுக்காமலே "ம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கடைத்தெருவில் அவரை உம்மணாமூஞ்சி என்பார்கள். பாவம், மனிதருக்குக் கோபம் என்பதே கிடையாது. முப்பது வருஷமாக வாயில் ஊசியை வைத்துக்கொண்டு தொழில் செய்கிறவருக்குப் பேச்சு பழகவில்லை, அவ்வளவுதான்.

ஆள் போன பிறகு படித்தார். படித்தார் என்றால், எழுத்துக் கூட்டிப் பாதி, ஊகித்துப் பாதி. நோயாளிகளுக்குக் கட்டில் வாடகைக்கு விடும் கம்பெனி அவர்மேல் வழக்குப் போட்டிருந்தது. ஏழு மாத வாடகை பாக்கி. அதோடு, கம்பெனி மெத்தையைப் பிரித்துச் சேதப்படுத்தியதற்காக ஒரு புது மெத்தையின் விலை. அதோடு, கட்டிலையும் மெத்தையையும் உடனே திருப்பித் தர வேண்டும். முப்பது நாளுக்குள் பதில் மனு கொடுக்காவிட்டால் கம்பெனி கேட்டதெல்லாம் அப்படியே தீர்ப்பாகிவிடும் என்று கடைசியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்த வரி மட்டும் எழுத்துக் கூட்டாமலே புரிந்தது.

அந்தக் கட்டிலில்தான் அவர் மனைவி படுத்திருந்தாள்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் டைப் அடித்தவள். தெருவில் எல்லோருக்கும் அவள் டைப்பிஸ்ட் அம்மா. ஒரு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் மாடிப்படியில் கால் தவறி விழுந்தாள். எலும்பு கூடியது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம், "என்னை ஏதாவது ஒரு இல்லத்துல சேத்துடுங்க, உங்களுக்குப் பாரமா இருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சரியாகச் சாப்பிடவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. சாப்பிட்டாள், கேலி பேசினாள், வாரம் இரண்டு முறை வருகிற நர்ஸ் பெண்ணோடு சேர்ந்துகொண்டு புருஷனைக் கிண்டல் செய்தாள். ஆனால் அந்த எண்ணம் போயே போய்விட்டதா, இல்லை வெளியே தெரியாமல் உள்ளே இருக்கிறதா என்பது மெத்தைக்காரருக்குத் தெரியாது. கேட்கப் பயம். கேட்டு, "இன்னும் இருக்கு" என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது? ஒரு வருஷமாக அந்த ஒரு கேள்விதான் அவருக்கு வயிற்றில் நெருப்பு.

இந்தக் காகிதம் அவள் கண்ணில் பட்டால் அவ்வளவுதான். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள் என்று அவருக்குத் தோன்றியது. கடனைக் கண்டு அவர் பயப்படவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பயத்துக்கு முன்னால் அது கால் தூசி.

அதனால் மறைத்தார். மறைப்பதற்கு மற்றவர்களுக்குப் பீரோ உண்டு, பரண் உண்டு. மெத்தைக்காரருக்குத் தெரிந்த ஒரே இடம் மெத்தை. பழைய மெத்தைகளைப் பிரிக்கும்போது அவர் எவ்வளவோ பார்த்திருக்கிறார்: மாமியாருக்குத் தெரியாமல் சேர்த்த பணம், யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்கள், ஒருமுறை ஒரு முழுப் பல் செட். எல்லாவற்றையும் அப்படியே உரியவர்களிடம் கொடுத்துவிடுவார். மெத்தைக்குள் போனதை ஊசிக்காரனைத் தவிர ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். கடையில் இருக்கும் மெத்தையில் வைத்தால் சம்மன் எந்த வீட்டுக்குப் போய்ச் சேருமோ என்று யோசித்தார். எங்கும் போகாத மெத்தை ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது.

நர்ஸ் பெண் டைப்பிஸ்ட் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தலைக்குக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் மெத்தையின் கால் பக்கத்தில் ஒரு சாண் பிரித்து, சம்மனை மடித்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டார். கால் பக்கம்தான் அவளுக்கு உணர்ச்சி இல்லையே என்று கணக்குப் போட்டார். கெட்டிக்காரக் கணக்குதான். காதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

இருபத்திரண்டு நாள் ஓடியது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்களே, அப்படி ஒரு நிம்மதியில் இருந்தார். இருபத்து மூன்றாம் நாள் நர்ஸ் பெண் வந்து, பாதத்தில் வீக்கம் தெரிகிறது, இனிமேல் தினமும் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கட்டிலுக்கு இரண்டு கைப்பிடி. ஒன்றைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்பும், இன்னொன்றைச் சுற்றினால் கால் பக்கம். ஒரு வருஷமாகத் தலைப்பக்கத்துக் கைப்பிடியைத்தான் சுற்றியிருந்தார்கள். மெத்தைக்காரர் குனிந்து மற்றதைச் சுற்றினார். மெத்தை மடங்கியது. சரசரவென்று சத்தம் வந்தது.

"என்னங்க, மெத்தை பேசுது" என்றாள் மனைவி.

"ம்?"

"இன்னொரு சுத்து சுத்துங்க."

சுற்றாமல் நின்றார்.

"சுத்துங்கன்னா."

சுற்றினார். சரசர.

"பஞ்சு" என்றார் மெத்தைக்காரர்.

"பஞ்சா? பஞ்சு என்னைக்குச் சத்தம் போட்டுச்சு? முப்பது வருஷம் பஞ்சுக்காரரோட குடும்பம் நடத்துனவகிட்டயே பஞ்சப் பத்திச் சொல்றீங்களா? இருபத்திரண்டு வருஷம் காகிதத்தோட வேலை பாத்தவ நான். அது காகிதம். அதுவும் நல்ல கனமான காகிதம். கவர்மென்ட் காகிதம். வெளிய எடுங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கூட இவ்வளவு அசடு வழிந்திருக்க மாட்டார். கத்தரியை எடுத்து, தான் போட்ட தையலைத் தானே பிரித்து, பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்த சம்மனை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். ஒருமுறை வேகமாக, மறுபடி மெதுவாக. பின்பு தேதியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினாள்.

"ஏழு நாள்தான் இருக்கு" என்றாள். "ஏங்க எங்கிட்ட சொல்லல? நான் என்ன இந்த வீட்டுக்கு வந்த விருந்தாளியா?"

அவள் காகிதத்தை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு அவர் பயந்ததையே சொன்னாள்.

"கட்டிலக் குடுத்துடுங்க. தரையில ஒரு மெத்தையப் போட்டா படுத்துக்கறேன். அதுவும் கஷ்டம்னா வேற ஏற்பாடு பாக்கலாம். எல்லாம் என்னாலதானே."

அப்போது அந்த வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. மெத்தைக்காரர் கத்தினார்.

"குடுக்க மாட்டேன்! வேற ஏற்பாடா? என்ன ஏற்பாடு? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா உன்னத் தரையில குனிஞ்சு திருப்புறதுக்கு எனக்கு முதுகு ரெண்டா வேணும். நான் என்ன வாடகை தர மாட்டேன்னா சொன்னேன்? மாசம் தவறாம அஞ்சு மாசம் கொண்டுபோய்க் கட்டுனேன். ஆறாவது மாசம் ஒருத்தன் வந்து போர்வையத் தூக்கிப் பாத்தானே, அவன் வாசலுக்குப் போய், இது எங்க மெத்தை இல்ல, சேதப் பணத்தையும் சேத்துக் கட்டுனாத்தான் வாடகையே வாங்குவேன்னான். பணத்தத் தூக்கிட்டு ரெண்டு தடவ போனேன். ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பிட்டான். நான் என்ன செய்யறது? நீ எங்கயும் போக வேண்டாம். கட்டிலும் எங்கயும் போகாது. என்ன ஜெயில்ல வேணா போடட்டும்!"

ஒரு வருஷத்துப் பேச்சை ஒரே மூச்சில் பேசிவிட்டு அவர் மூச்சு வாங்க நின்றார். மனைவி கண்ணாடியைக் கழற்றினாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாடகை பாக்கிக்கெல்லாம் ஜெயில்ல போட மாட்டாங்க" என்றாள் கடைசியில். "தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க. கட்டிலுக்குக் கீழ என் மெஷின் இருக்கும் பாருங்க. எடுங்க."

விழுந்த நாளிலிருந்து அந்த டைப்ரைட்டரை அவள் தொட்டதில்லை. ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்தபோது பழையதை விலைக்கு வாங்கி வந்திருந்தாள். மெத்தைக்காரர் தூசி தட்டினார். மெத்தைத் துணி வெட்டும் பலகை ஒன்றைக் கட்டிலின் இரண்டு பக்கத்துக் கம்பியின் மேலும் குறுக்காக வைத்து, ஆடாமல் இருக்கக் கயிறு போட்டு முடிச்சுப் போட்டார். முடிச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் மூன்று தாளுக்கு நடுவே இரண்டு கார்பன் வைத்துச் செருகி, உருளையைத் திருகி, விரல்களை நெட்டி முறித்தாள்.

"இதப் பாருங்க. கம்பெனி எட்டுப் பத்தி எழுதியிருக்கான். நாம ஒவ்வொரு பத்திக்கும் பதில் சொல்லணும். சரின்னா ஒத்துக்கறேன். தப்புன்னா மறுக்கறேன். ஒண்ணும் சொல்லாம விட்டா ஒத்துக்கிட்டதா அர்த்தம். உங்க 'ம்' எல்லாம் இங்க செல்லாது."

முதல் மூன்று பத்தியில் சிக்கல் இல்லை. பெயர், விலாசம், கட்டில் வாங்கிய தேதி எல்லாம் சரி. நாலாவது பத்தி ஏழு மாத வாடகை பாக்கி என்றது. மெத்தைக்காரர், "மறுக்கறேன்" என்றார்.

"எப்படி மறுப்பீங்க?"

"அவன்தான வாங்க மாட்டேன்னான்."

"ரெண்டு மாசம் வாங்க மாட்டேன்னான், சரி. அந்த ரெண்டு மாசப் பணம் இப்ப எங்க?"

மெத்தைக்காரர் காதைச் சொறிந்தார். "கடை வாடகைக்குப் போச்சு."

"அப்புறம் அஞ்சு மாசம்?"

"போகல."

"ஏன்?"

"போனா மறுபடி எல்லார் முன்னாடியும் திருப்பி அனுப்புவான்னு..." அவர் முடிக்கவில்லை. பணத்தை நீட்டிய கையோடு வரிசையில் நின்றதும், பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்தது. யாருக்கும் ஒரு காசு பாக்கி வைக்காதவர். கூலியில் பேரம் பேசினால்கூட எதிர்த்துப் பேசத் தெரியாமல் வாங்கிக்கொண்டு வருகிறவர். அவரைப்போய்க் களவாடியவனைப் போல் பார்த்தார்கள். அது அவருக்கு இன்னும் எரிந்தது.

மனைவி கையை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப ஏழும் பாக்கிதான். ஒத்துக்கறேன்னு போடறேன். ரெண்டு தடவ கொண்டுபோயும் வாங்கலைங்கறதயும் தேதியோட போடறேன். ஒண்ணுல நாம பொய் சொன்னா, மிச்சம் ஏழுலயும் நம்மள நம்ப மாட்டாங்க. ஆபீஸ்ல எத்தன பேர் பொய்க் கணக்கு எழுதி மாட்டிக்கிட்டதப் பாத்திருக்கேன்."

"ஒத்துக்கிட்டா பணம்?"

"கொஞ்சம் கொஞ்சமாத் தரோம்னு கேப்போம். நானும் ஏதாச்சும் டைப் அடிச்சுத் தரேன். விரல் நல்லாத்தான இருக்கு."

அவள் அடிக்க ஆரம்பித்தாள். முதலில் தடுமாறினாள், நாலு வரி போனதும் வேகம் பிடித்தது. வரிக்கு வரி மெஷினில் மணி அடித்தது. மெத்தைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் வீட்டில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

ஏழாவது பத்தி வந்தது. 'பிரதிவாதி, கம்பெனியின் அனுமதி இல்லாமல் மெத்தையைப் பிரித்து, உள்ளிருந்ததை அகற்றி, அதை உபயோகமற்றதாக்கிவிட்டார்.'

"பிரிச்சது நெசந்தான்" என்றார் மெத்தைக்காரர் பரிதாபமாக.

பிரித்தது நிஜந்தான். கம்பெனி கொடுத்தது ரப்பர் மெத்தை. சூடு, காற்றுப் போகாது. மூன்றாம் வாரமே அவள் இடுப்புக்குக் கீழே புண் கண்டது. வலி தெரியாததால் அவளுக்கே தெரியவில்லை. நர்ஸ் பெண்தான் பார்த்துச் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மெத்தையைப் பிரித்துப் பஞ்சு வைத்துத் தைத்தார். கம்பெனியைக் கேட்க வேண்டும் என்பது அவர் புத்தியிலேயே படவில்லை. சமையல்காரர் தன் வீட்டில் சோறு வேகவில்லை என்றால் யாரைக் கேட்டுக்கொண்டு அடுப்பில் மறுபடி ஏற்றுவார்?

மனைவி ஏழாவது பத்தியை இன்னொரு முறை படித்தாள். பிறகு, "நர்ஸ் பொண்ணு அந்தப் புண்ணப் பத்தி அப்ப எழுதிவச்ச குறிப்பு கிளினிக்ல இருக்கும். போய் ஒரு நகல் வாங்கிட்டு வாங்க. நடந்தே போங்க. அவசரமில்ல" என்றாள்.

அவர் திரும்பி வந்தபோது மெஷின் மேல் உறை போட்டிருந்தது. தாள்கள் ஒழுங்காக அடுக்கி, மூன்று கட்டாக, குண்டூசி குத்தித் தயாராக இருந்தன. எங்கெங்கே கையெழுத்து என்று பென்சிலால் சின்னப் புள்ளி வைத்திருந்தாள். அவர் புள்ளியைப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் கொடுத்த எந்தக் காகிதத்தையும் அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது கிடையாது. வழக்கத்தை இப்போது மாற்றுவானேன்?

இருபத்தெட்டாம் நாள் கோர்ட்டுக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மூணு பிரதி வேணும். போய் எடுத்துட்டு வாங்க" என்றார். மெத்தைக்காரர் மூன்று கட்டையும் வைத்தார். அந்த அம்மா இப்போது நிமிர்ந்தார். பக்கங்களைப் புரட்டினார். ஓரம் ஒரே அளவு, வரிக்கு எண், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

"எந்த வக்கீல் ஆபீஸ்ல அடிச்சது?"

"வீட்ல" என்றார் மெத்தைக்காரர். அதைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

விசாரணைக்கு ஒரு மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அன்று காலை நர்ஸ் பெண் வீட்டில் துணைக்கு இருந்தாள். மெத்தைக்காரர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கோர்ட்டில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். சின்ன அறை. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முனகல். அவருக்கு முன்னால் ஒரு தண்ணீர்க் குழாய்ச் சண்டையும் ஒரு சைக்கிள் விற்ற வழக்கும் முடிந்தன. எதிர்ப்பக்கத்தில் கம்பெனி வக்கீலும், அன்று போர்வையைத் தூக்கிப் பார்த்த அதே ஆளும் உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலை எடுத்துப்போக இன்றைக்கே வண்டி கொண்டுவந்திருப்பார்களோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வண்டி எதுவும் கண்ணில் படவில்லை. அப்போதும் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

நீதிபதி நடுவயதுப் பெண். பதில் மனுவைப் புரட்டிக்கொண்டே, "ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் தெளிவா இருக்கு. வாடகை பாக்கிய ஒத்துக்கறீங்க, இல்லையா?" என்றார்.

"ம்" என்றார் மெத்தைக்காரர். பிறகு வீட்டில் கேட்டது நினைவுக்கு வந்து, "ஒத்துக்கறேன் அம்மா" என்றார்.

நீதிபதி கம்பெனி ஆளைப் பார்த்தார். "ரெண்டு தடவ பணம் கொண்டுவந்து நீங்க வாங்கலைன்னு தேதி போட்டிருக்காங்க. நெசமா?"

"சேதத் தொகையையும் சேத்துத்தான் வாங்கணும்னு மேலிடத்துல சொன்னாங்க" என்றார் அந்த ஆள். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"சரி. ஏழாவது பத்தி." நீதிபதி பக்கத்தைத் திருப்பினார். நின்றார். "இது வேற மாதிரி இருக்கே. இங்க வேற கையெழுத்து இருக்கு. யாரு இது?"

மெத்தைக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். வேறு கையெழுத்தா? வக்கீல் எழுந்து, வழக்கில் சம்பந்தப்படாதவர் சொல்வதை ஏற்கக் கூடாது என்று ஆரம்பித்தார். நீதிபதி கையமர்த்தினார். "ஏத்துக்கறதா வேண்டாமான்னு அப்புறம் பாக்கலாம். முதல்ல என்னன்னு கேப்போம்" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

"ஏழாவது பத்திக்கு மட்டும், அந்தக் கட்டிலில் படுத்திருக்கும் நான் பதில் சொல்கிறேன். மெத்தை சேதமானது என்று கம்பெனி சொல்வதை மறுக்கிறேன். சேதமானது என் உடம்பு. கம்பெனி மெத்தையில் மூன்றாம் வாரம் எனக்குப் புண் வந்தது. நர்ஸின் குறிப்பு இணைத்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, என் கண் முன்னாலேயே மெத்தையைத் தரையில் போட்டுப் பிரித்தார். காலையில் தொடங்கியவர் விளக்கு வைக்கும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு பிடி பஞ்சையும் தன் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார். கொட்டைத் துணுக்கு ஒன்று உறுத்தினாலும் அதைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வைத்தார். ஒரு பிடியைக்கூட அவர் கன்னத்தில் வைக்காமல் விடவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முந்நூறுக்கு மேல் எண்ண முடியவில்லை."

நீதிபதியின் குரல் மெதுவாயிற்று.

"அன்று வரை எனக்கு உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஆசை இல்லை. அவரிடம் இதை நான் முழுதாகச் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் அவர் என்னைத் தூக்கி அந்த மெத்தையில் படுக்கவைத்தபோது, இருக்கலாம் என்று தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது. புண் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது. வாடகை பாக்கி உண்மை, அதைக் கொடுத்துவிடுவோம். மெத்தை உபயோகமற்றுப் போய்விட்டது என்று சொல்வது உண்மையில்லை என்று மட்டும் கோர்ட்டுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்."

மின்விசிறி முனகியது. வக்கீல் உட்கார்ந்துவிட்டார். கம்பெனி ஆள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவரும் மனிதர்தானே.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் மெத்தைக்காரர் காதில் சரியாக விழவில்லை. மெத்தையின் சேதத் தொகை தள்ளுபடி என்றார்கள். பாக்கியைப் பதினாலு மாதத் தவணையில், அந்தந்த மாத வாடகையோடு சேர்த்துக் கட்ட வேண்டும், கட்டுகிற வரைக்கும் கட்டிலை எடுக்கக் கூடாது என்றார்கள். கம்பெனி ஆள் சம்மதம் என்றார். எங்கோ கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. கட்டில் மிஞ்சியதற்காக அழுகிறார் என்று நினைத்த குமாஸ்தா, "அதான் ஜெயிச்சிட்டீங்களே, ஏன் அழறீங்க?" என்று தோளில் தட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே கேள்வி. அவள் கெட்டிக்காரி. எந்த மனுவில் எதை எழுதினால் வேலை நடக்கும் என்று இருபத்திரண்டு வருஷம் பார்த்தவள். இதுவும் அப்படி எழுதியதுதானா? கட்டிலைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக எழுதியதா? கேஸ் ஜெயித்துவிட்டது. இது மட்டும் முடியவில்லை. ஊசி முனையில் நடப்பதுபோல் நடந்து வந்தார்.

நர்ஸ் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். மனைவி தலையணையிலிருந்து கழுத்தை நீட்டிக் காத்திருந்தாள்.

"என்னாச்சு? கட்டில்?"

"இருக்கும். தவணை. பதினாலு மாசம்."

"மெத்தை?"

"அதுக்குப் பணம் வேண்டாம்னாங்க."

அவள் கண்ணை மூடிப் பெரிதாக மூச்சு விட்டாள். அவர் உட்காரவில்லை. சட்டை நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றார்.

"ஏழாவது பத்தியப் படிச்சாங்க" என்றார்.

"ஜட்ஜா?"

"சத்தமா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

"ஐயையோ!" அவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "மனசுக்குள்ள படிச்சுக்குவாங்கன்னுல நெனச்சேன்! எத்தன பேர் இருந்தாங்க? அந்தக் கம்பெனி ஆளுமா?"

அவர் சிரிக்கவில்லை. போர்வைக்குள் இருந்த முகத்தைப் பார்த்து, ஒரு வருஷமாகக் கேட்காததைக் கேட்டார்.

"அது கேஸுக்காக எழுதினதா?"

போர்வை அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் மெதுவாகப் போர்வையை விலக்கினாள். கண் சிவந்திருந்தது.

"கோர்ட்டுக்குப் பொய் எழுதுவேனா? கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன்ல?"

"வாயால சொல்லு."

"முப்பது வருஷத்துல ஒரு நாளாவது நீங்க வாயால எதாச்சும் சொல்லியிருக்கீங்களா? இப்ப மட்டும்..."

"சொல்லு" என்றார் மெத்தைக்காரர்.

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

"எனக்கு இருக்கணுங்க" என்றாள். "உங்களோட இன்னும் ரொம்ப நாள் இருக்கணும்."

மெத்தைக்காரர் குனிந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவள் அவரை அழ விட்டாள். முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள், போய்க் கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள், இரண்டு பேரும் சாப்பிடலாம் என்றாள்.